கைபேசியைத் தமிழில் பேசவைத்தல்: பார்வையற்றோருக்கும் பார்வை குறைந்தோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதியவர் என் பெரியப்பா. கண் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை போனபோது, நான் ஒரு புதிய கைபேசியை வாங்கி, திரையில் உள்ளதை வாசிக்கும் வசதியை ஒரே மாலையில் இயக்கி, அவர் கையில் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அது பீரோவுக்குள் இருந்தது. “பேசுத பொட்டி எனக்கு எதுக்குலே? நம்பரை நானே போடணும், அது போதும்” என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. கைபேசியைப் பேசவைக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பேச்சை நம்பி ஒருவர் பிறர் உதவியின்றி ஓர் எண்ணை அழைப்பதற்கு வேறொரு வரிசையில், வேறொரு பொறுமையுடன் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வேறு பொருள்கள்

கைபேசி பேசும்போது உள்ளே இரண்டு செயலிகள் சேர்ந்து உழைக்கின்றன. ஒன்று, எழுத்தைப் பெற்று அதை ஒலியாக மாற்றும் குரல் எந்திரம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இது கூகுளின் ‘ஸ்பீச் ரெகக்னிஷன் அண்ட் சிந்தசிஸ்’ என்ற பெயரில் இருக்கும் (முன்பு ‘ஸ்பீச் சர்வீசஸ்’). சாம்சங் போன்ற சில நிறுவனங்கள் தங்களுடைய எந்திரத்தையும் சேர்த்தே தருகின்றன. மற்றொன்று, விரல் தொட்ட இடத்தில் என்ன இருக்கிறது, அது பொத்தானா, எழுத்துப் பெட்டியா, படமா என்று கண்டறிந்து, அந்தச் செய்தியைக் குரல் எந்திரத்திடம் ஒப்படைக்கும் திரைவாசிப்பான். ஆண்ட்ராய்டில் அதற்கு ‘டாக்பேக்’ என்று பெயர். பேச்சு வசதியும் திரைவாசிப்பானும் 2009-இல் வந்த ஆண்ட்ராய்டு 1.6 காலத்திலிருந்தே இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. தனியாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொருள் என்றே இன்னும் நினைக்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், பிறகு வரும் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும். உச்சரிப்பு சரியில்லை என்றால் குரல் எந்திரத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஒரு பொத்தானைத் தொட்டால் அது என்னவென்றே சொல்லவில்லை என்றால் அந்தச் செயலியைச் செய்தவர்கள் பெயரிடாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாவதாக ‘செலக்ட் டு ஸ்பீக்’ என்றொரு வசதியும் உண்டு. பார்வை ஓரளவு இருப்பவர்களுக்கும், எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும், தமிழ் பேசத் தெரிந்து எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் டாக்பேக் தேவையில்லை, இதுவே போதும். திரையோரத்தில் ஒரு சிறு பொத்தான் நிற்கும். அதைத் தட்டிவிட்டு, வாசிக்க வேண்டிய பத்தியைத் தட்டினால் அதை மட்டும் வாசிக்கும். கைபேசியின் மற்றப் பயன்பாடு எதுவும் மாறாது. முழுமையாகப் பார்வை இல்லாதவருக்கு டாக்பேக்தான் வழி. யாருக்கு எது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பார்வை மங்கலாக உள்ள ஒரு முதியவருக்கு டாக்பேக்கை இயக்கிவிட்டால், அவர் பழகிய தொடுமுறை எல்லாம் ஒரே நாளில் மாறிப்போய், கைபேசியே கெட்டுவிட்டது என்று எண்ணிவிடுவார்.

தமிழ்க் குரலை இறக்கி வைத்தல்

வைஃபை உள்ள இடத்தில் அமர்ந்து தொடங்குங்கள். பிளே ஸ்டோரில் கூகுளின் ‘ஸ்பீச் ரெகக்னிஷன் அண்ட் சிந்தசிஸ்’, டாக்பேக் அடங்கிய ‘ஆண்ட்ராய்டு ஆக்சசிபிலிட்டி சூட்’ ஆகிய இரண்டையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டி பகுதிக்குள் சென்று ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ என்பதைத் திறக்க வேண்டும். சில நிறுவனங்களின் கைபேசிகளில் இது மொழி, உள்ளீடு தொடர்பான பகுதியில் இருக்கும்; கிடைக்கவில்லையானால் செட்டிங்ஸின் மேற்புறத் தேடல் பெட்டியில் ‘ஸ்பீச்’ என்று தட்டச்சு செய்தால் வந்துவிடும்.

அங்கே விருப்ப எந்திரமாகக் கூகுளினுடையதைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கத்தில் உள்ள பற்சக்கரக் குறியைத் தட்டி, குரல் தரவை நிறுவும் பகுதிக்குள் சென்று, ‘தமிழ், இந்தியா’ என்பதை இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கி முடிந்தபின் அதே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குரல்கள் பட்டியலாக வரும். அவற்றுள் எது வேண்டும் என்பதைப் பயன்படுத்தப்போகிறவரே கேட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். நாள் முழுவதும் காதருகே பேசப்போகிற குரல் அது. பெரியப்பா நான் வைத்திருந்த பெண்குரலை மாற்றச் சொன்னார். காது மந்தமான முதியவர்களில் சிலருக்கு உயர்ந்த சுருதியைவிடத் தாழ்ந்த சுருதி தெளிவாகக் கேட்கிறது.

குரல் தரவை முன்கூட்டியே இறக்கி வைப்பதற்குக் காரணம் உண்டு. அவ்வாறு செய்தால் இணையம் இல்லாமலே கைபேசி பேசும். பாபநாசத்துக்கு மேலே காரையாறு பக்கம் போனால் சிக்னல் கிடைக்காது; அங்கும் கைபேசி வாய் மூடாமல் இருக்க வேண்டுமே. இறக்கிய பிறகு இணையத்தை அணைத்துவிட்டு, மாதிரி வாசகத்தை ஒருமுறை ஒலிக்கச் செய்து பார்த்துவிடுங்கள்.

ஆங்கிலக் குரலையும், அதிலும் ‘இங்கிலீஷ், இந்தியா’ என்பதை, சேர்த்து இறக்கி வையுங்கள். தமிழ்க் குரல் ஆங்கில எழுத்துகளையும் ஒருவாறு வாசிக்கும். ஆனால் ஆங்கிலக் குரல் மட்டும் இயங்கும்போது தமிழ் எழுத்தைச் சரியாக வாசிக்காது, பல நேரம் அப்படியே தாண்டிப் போய்விடும். ஆகவே முதன்மைக் குரலாகத் தமிழையே வைப்பதுதான் நம்மவர்களுக்குப் பொருத்தம். டாக்பேக் அமைப்புகளில் உள்ள வாசிப்புக் கட்டுப்பாடுகளின் (எழுத்தெழுத்தாகவா, சொல்சொல்லாகவா, எந்த மொழியில் என வாசிப்பு முறையை மாற்றும் தெரிவுகளின்) பட்டியலில் பேச்சு மொழியைச் சேர்த்துவிட்டால், விரலசைவிலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம்.

இயக்குவதற்கு முன் அணைக்கக் கற்றுக்கொடுங்கள்

ஆக்சசிபிலிட்டி பகுதியில் டாக்பேக்கின் குறுக்குவழியை முதலில் இயக்குங்கள். அதன்பின் ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் டாக்பேக் இயங்கும். மறுபடி அவ்வாறே பிடித்தால் அணையும். இந்த ஒரு செயலைப் பத்துமுறை அவரையே செய்யச் சொல்லுங்கள். திகைப்பு வரும்போது வெளியேறும் வழி கைக்குத் தெரிந்திருந்தால் அச்சம் போய்விடுகிறது. நான் பெரியப்பாவுக்குச் செய்யத் தவறியது இதைத்தான்.

டாக்பேக் இயங்கத் தொடங்கியதும் தொடுமுறை மாறிவிடுகிறது என்பதை உதவி செய்கிறவரும் அறிந்திருக்க வேண்டும். ஒருமுறை தட்டினால் எதுவும் திறக்காது, அது என்னவென்று மட்டும் சொல்லும். திறப்பதற்கு இருமுறை தட்ட வேண்டும். திரையை மேலும் கீழும் நகர்த்த இரண்டு விரல்கள் வேண்டும். இது தெரியாமல் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியை வாங்கி, திறக்கவில்லையே என்று திணறி, டாக்பேக்கை அணைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அணைத்தவர் மீண்டும் இயக்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று வீட்டில் ஒரு முறை அழுத்தமாகச் சொல்லி வையுங்கள்.

விரல்களைப் பழக்குதல்

எல்லா அசைவுகளையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுக்கக் கூடாது. முதல் வாரத்திற்கு நான்கு போதும். ஒரு விரலைத் திரையில் மெல்ல நகர்த்தினால் அடியில் உள்ளது ஒலிக்கும். வலப்பக்கம் சுண்டினால் அடுத்ததற்கும், இடப்பக்கம் சுண்டினால் முந்தையதற்கும் போகும். இருமுறை தட்டினால் திறக்கும். சுண்டுவது என்பது கோலிக்குண்டைத் தள்ளுவது போல் விரைவாக நடக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் அதை வேறு அசைவாக எடுத்துக்கொள்ளும். வயதானவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. மேசைமேல் கைபேசியை வைத்து, திரைக்கு வெளியே மேசைப் பலகையிலேயே சிலமுறை சுண்டிப் பழகச் சொன்னால் கை பிடிபட்டுவிடும்.

முகப்புத் திரையைச் சுத்தம் செய்து, தொலைபேசி, தொடர்புகள், வாட்ஸ்அப், கடிகாரம் ஆகிய நான்கை மட்டும் நான்கு மூலைகளில் வைத்துவிடுங்கள். மூலைகளை விரல் தானே கண்டுபிடிக்கும். வருகிற அழைப்பை எடுக்கவும் முடிக்கவும் இரண்டு விரல்களால் இருமுறை தட்டினால் போதும். இதை முதல் நாளே பழக்கிவிட்டால், பச்சைப் பொத்தானைத் தேடித் தேடி அழைப்பு நின்றுபோகும் வருத்தம் இராது.

இரண்டாம் வாரத்தில் கோணல் அசைவுகளுக்குப் போகலாம். கீழே இழுத்து அப்படியே இடப்பக்கம் திரும்பினால் பின்செல்லும்; மேலே போய் இடப்பக்கம் திரும்பினால் முகப்புக்கு வரும்; வலப்பக்கம் போய்க் கீழே இறங்கினால் அறிவிப்புகள் திறக்கும். கீழே இறங்கி வலப்பக்கம் திரும்பினால் டாக்பேக்கின் பட்டியல் திறக்கும். ‘மேலிருந்து வாசி’ என்ற பொருளில் வரும் கட்டளை அங்கே இருக்கிறது. நீண்ட செய்தியையோ கட்டுரையையோ கேட்க அதுவே வழி. பேச்சை நடுவில் நிறுத்த இரண்டு விரல்களால் ஒருமுறை தட்டினால் போதும்.

தட்டச்சுக்கு வந்தால், தமிழில் சொல்லி எழுதவைக்கும் குரல் தட்டச்சே பெரும்பாலோருக்கு எளிது. ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிக் குறியை இருமுறை தட்டிவிட்டுப் பேச வேண்டும். பிரெய்ல் அறிந்தவர்களுக்கு இன்னொரு நல்ல வழியும் உண்டு. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இருக்கும் மாவட்டம் இது; ஆறு புள்ளிகளை விரல் நுனியில் வைத்திருப்பவர்கள் இங்கே பலர். டாக்பேக்கில் 2020 முதல் திரையிலேயே ஆறு விரல்களால் அழுத்தித் தட்டச்சு செய்யும் பிரெய்ல் விசைப்பலகை சேர்க்கப்பட்டிருக்கிறது.

வேகமும் அந்தரங்கமும்

பேச்சு வேகத்தைத் தொடக்கத்தில் வழக்கத்தைவிடக் குறைத்து வையுங்கள். பல ஆண்டுகள் பழகியவர்கள், மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காத வேகத்தில் கேட்பார்கள். அதைக் கண்டு புதியவருக்கும் அப்படியே வைப்பது கொடுமை.

குரல் உரக்க வாசிக்கும்போது மற்றவர்களும் கேட்கிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுஎண்ணை (ஓடிபி) ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு கைபேசி உரக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு காதுக்கு மட்டும் இயர்போன் மாட்டிக்கொள்ளுவது நல்லது. சாலையில் நடக்கும்போது மற்றக் காது வண்டிச் சத்தத்திற்குத் திறந்திருக்க வேண்டும். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும்போது எழுத்துகளை உரக்கச் சொல்ல வேண்டுமா என்பதற்கும் டாக்பேக்கில் தனி அமைப்பு இருக்கிறது. திரையையே இருட்டாக்கிக்கொண்டு காதால் மட்டும் கைபேசியை இயக்கும் வசதியும் உண்டு. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

தமிழை அது எப்படி வாசிக்கிறது

தமிழில் ஓர் எழுத்துக்கு ஒரே ஒலி இல்லை. ‘கடல்’ என்பதில் வரும் ககரமும் ‘தங்கம்’ என்பதில் வரும் ககரமும் ‘அகம்’ என்பதில் வரும் ககரமும் எழுத்தில் ஒன்று, வாயில் மூன்று. தமிழ்ச் சொற்களுக்கு இதில் ஒழுங்கு இருக்கிறது: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, மெல்லினத்துக்குப் பின் அதிரொலி, உயிர்களுக்கு நடுவே மென்மை. குரல் எந்திரம் இந்த ஒழுங்கைப் பெரும்பாலும் பின்பற்றிவிடுகிறது. பிறமொழிச் சொற்களிலும் ஆட்பெயர்களிலும்தான் தடுமாற்றம். ‘பாலு’ என்னும் பெயரும் ‘பாலும்’ என்னும் சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ‘பாவம்’ என்று எழுதினால் அது இரக்கச் சொல்லா, பரதத்தில் முகம் காட்டும் பாவமா என்பதை எழுத்து சொல்வதில்லை. நாம் சூழலால் அறிவதை எந்திரம் தான் பயின்ற குரல்பதிவுகளின் துணையால் ஊகிக்கிறது. சில நேரம் தவறுகிறது. சொல் விளங்காதபோது, வாசிப்புக் கட்டுப்பாட்டை எழுத்து நிலைக்கு மாற்றிக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கேட்டால் ஐயம் தீரும்.

எண்களே பெரியப்பாவின் முதல் கவலை. கைபேசி எண்ணை இடைவெளியின்றி எழுதி அனுப்பினால், குரல் சில நேரங்களில் அதைப் பல நூறு கோடி என்று தொகையாகவே வாசிக்கத் தொடங்கிவிடும். மூட்டைக் கணக்கை முப்பது ஆண்டுக்கு மேல் மனக்கணக்காகவே போட்டவருக்குக்கூட அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள முடியாது. இதற்கும் எழுத்து நிலை வாசிப்பே மருந்து. அனுப்புகிறவர்கள் ஐந்தைந்து இலக்கமாகப் பிரித்து எழுதினால் இன்னும் நன்று. தொகை எழுதும்போது ‘ரூ.’ என்ற சுருக்கத்தைவிட ‘1,250 ரூபாய்’ என்று எழுதுவதும், தேதியைப் புள்ளி வைத்து எழுதாமல் ‘மார்ச் 5’ என்று எழுதுவதும் காதுக்குத் தெளிவு.

நிறுத்தக்குறிகளை உறவினர்கள் அலட்சியம் செய்கிறார்கள். கால்புள்ளியிலும் முற்றுப்புள்ளியிலும்தான் குரல் மூச்சுவிடும். அவை இல்லாத செய்தியை அது ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. அதைவிடப் பெரிய தடை, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யும் பழக்கம். கண்ணால் பார்ப்பவருக்கு அது தமிழாகத் தெரியும். குரல் எந்திரத்துக்கு அது எந்த மொழியும் இல்லாத எழுத்துக்கூட்டம். பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் சென்னையிலிருந்து அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். தமிழ் எழுத்தில் அனுப்புங்கள், முடியாவிட்டால் குரலைப் பதிந்து அனுப்புங்கள் என்று நான் கேட்டுக்கொண்ட பிறகுதான் அவருக்கு அவர்களுடைய நலம் நேராகக் காதில் விழுந்தது. வட்டார வழக்கில் ‘வாரோம்’, ‘போயிட்டு வந்துருதேன்’ என்று எழுதினால் தவறில்லை. ராகம் நம்மூருடையதாக இராது, சொல் விளங்கிவிடும்.

எழுத்தாக இல்லாத எழுத்து

திருமண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், இறப்புச் செய்தி, மின்தடை அறிவிப்பு எல்லாம் இப்போது படமாகவே வாட்ஸ்அப்பில் வருகின்றன. அவற்றின் மேல் விரல் வைத்தால் பெரும்பாலும் ‘படம்’ என்பதோடு டாக்பேக் நின்றுவிடும். அவற்றைக் கூகுள் லென்ஸில் திறந்தால் படத்திலுள்ள தமிழ் எழுத்தை அடையாளம் கண்டு, உரக்க வாசிக்கவோ நகலெடுக்கவோ வழி செய்கிறது. அலங்கார எழுத்துகளில் பிழை வரும். தேதியையும் நேரத்தையும் மட்டும் ஒருமுறை வேறொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிடிஎஃப் கோப்புகளில் வேறொரு பொறி இருக்கிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களே இருந்தன. பார்வைக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்தும் குறிகளும். தமிழக அரசு 2010-இல் யுனிகோடை ஏற்றது. எனினும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. சோதிப்பது எளிது: ஒரு சொல்லை அழுத்தித் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே ஒட்டினால் குரல் வாசிக்கும். குறிகளாக ஒட்டினால் பழைய எழுத்துரு. தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். பழைய எழுத்துருக் கோப்பை எழுத்துரு மாற்றி கொண்டு யுனிகோடாக மாற்றலாம். படத்திலுள்ள எழுத்தை லென்ஸ் போன்ற எழுத்துணரி வழியே எடுக்கலாம்.

ரூபாய் நோட்டுகளுக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. நோட்டைக் கேமராவுக்கு முன் பிடித்தால் மதிப்பைச் சொல்லும், இணையம் தேவையில்லை. நோட்டு உண்மையானதா போலியா என்பதை அது சொல்லாது. இதை மறக்கக் கூடாது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு

அங்கே திரைவாசிப்பானின் பெயர் ‘வாய்ஸ்ஓவர்’. 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ் உடன் வந்தது. பக்கவாட்டுப் பொத்தானை மும்முறை அழுத்தி இயக்கும்படி வைத்துக்கொள்ளலாம். தமிழ்க் குரல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 16-இல் சேர்ந்தது; அதற்கு முந்தைய பதிப்பில் நிற்கும் கருவியானால் முதலில் புதுப்பியுங்கள்.

வழக்கமாக வரும் கோளாறுகள்

நேற்று வரை தமிழ் பேசிய கைபேசி இன்று ஆங்கிலத்தில் மட்டும் பேசினால், ஏதோ புதுப்பிப்பில் விருப்ப எந்திரம் மாறியிருக்கும், அல்லது இடப்பற்றாக்குறைக்காக யாரோ குரல் தரவை நீக்கியிருப்பார்கள். மேலே சொன்ன ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ பக்கத்தில் இரண்டையும் பாருங்கள். பேச்சு மிக மெலிந்துவிட்டால், குரல் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலிப் பொத்தானை அழுத்துங்கள். பாட்டின் ஒலியளவும் திரைவாசிப்பானின் ஒலியளவும் வெவ்வேறு.

சில செயலிகளில் பொத்தானைத் தொட்டால் பெயரில்லை என்ற பொருளில் மட்டும் குரல் வரும். பல இடங்களில் டாக்பேக் பட்டியலில் உள்ள பெயரிடும் வசதியால் நாமே ஒரு பெயர் சூட்டி வைக்கலாம். பெரியப்பா பயன்படுத்தும் ஒரு செயலியில் அப்படி மூன்று பொத்தான்களுக்குத் தமிழில் பெயர் வைத்தோம். இருந்தாலும் செயலியைச் செய்தவர்களுக்கும் எழுதுங்கள். மின்னணு வடிவில் உள்ளவை மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆகவே உங்கள் கடிதத்தை வேண்டுகோளாக அன்றி உரிமையாகவே எழுதலாம்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை அவருடன் உட்காருங்கள். எந்த அசைவு கைக்கு வரவில்லை, எந்த அறிவிப்பு தொல்லை தருகிறது, வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாமா என்று கேட்டு மாற்றிக் கொடுங்கள். பெரியப்பா இப்போது எண்களை எழுத்தெழுத்தாகக் கேட்டு, ஆலையில் உடன் வேலை பார்த்தவர்களைத் தாமே அழைக்கிறார். போன தடவை நான் போனபோது, குரல் மெதுவாகப் பேசுகிறது, இன்னும் இரண்டு படி ஏற்றி வை என்றார்.